செஞ்சாயமும் கால்பந்தும்
ரென்டன் கழக வரலாறும் கடலூர்க் கரையும்

பேரூர்களின் வரலாற்றை எழுதுவிக்க அரசரும் ஆட்சியாளரும் இருந்தனர். சிற்றூர்களின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்து போயிற்று. ஒரு சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு, சுவரில் மங்கிப்போன ஒரு குழுப் புகைப்படம், முதியவர் ஒருவரின் நினைவில் தங்கிய சில பெயர்கள் என இவையே அவற்றுக்குச் சான்றுகளாய் எஞ்சுகின்றன. இலக்கிய அமைப்புகளுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் இவ்வகையில் வேறுபாடு மிகுதியில்லை. இரண்டும் ஊதியம் கருதாத சிலரால் தொடங்கப்படுபவை; மாலைப் பொழுதுகளில் வளர்பவை; தொடங்கியோர் ஓய்ந்ததும் கலைந்துவிடும் அச்சத்தோடு வாழ்பவை.

ஸ்காட்லாந்து நாட்டில் ரென்டன் என்னும் சிற்றூரில் 1872ஆம் ஆண்டு தோன்றி, 1922ஆம் ஆண்டு மறைந்த கால்பந்துக் கழகமொன்றின் வரலாறு இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐம்பது ஆண்டுகளே வாழ்ந்த அக்கழகம் ஒருகாலத்தில் உலக வாகையர் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டது. கம்மாபுரத்தில் அமர்ந்து இதனைப் படிப்போர்க்கு ரென்டன் எட்டாத் தொலைவில் உள்ள ஊராகத் தோன்றலாம். ஆயினும் அவ்வூருக்கும் கடலூர்க் கரைக்கும் இடையே ஒரு சிவப்பு நூல் ஓடுகிறது. அந்நூலைப் பற்றிக்கொண்டு செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாயவேரும் லெவன் ஆறும்

சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் என்னும் சிறு செடி விளைந்தது. இம்பூறல் என்பதும் அதன் பெயரே. அதன் வேரிலிருந்து எடுத்த செஞ்சாயம் பருத்தித் துணியில் ஏறினால், துவைக்கத் துவைக்கப் பொலிவு பெறுமேயன்றி மங்காது. இத்துணிகளின் பொருட்டே ஐரோப்பிய வணிகர் இக்கரைக்குப் போட்டியிட்டு வந்தனர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690ஆம் ஆண்டில் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பெற்றுப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டதற்குத் துணி வணிகமும் ஒரு காரணம். புதுச்சேரியில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி கோர்தூ, சாயமேற்றும் முறையை 1742ஆம் ஆண்டில் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டியவர் என மொழியியலார் போற்றும் அவரே இவர். கடுக்காயும் எருமைப்பாலும் படிகாரமும் வேரும் சேர்ந்து நிறம் பிறப்பிக்கும் வகையை அவர் நுணுகி விளக்கினார்.

ஏறத்தாழ அதே காலத்தில், துருக்கிச் சிவப்பு எனப்பட்ட மற்றொரு செஞ்சாய முறை கீழை மத்தியதரைக் கடற்கரையிலிருந்து பிரான்சு நாட்டுக்குச் சென்றது. எண்ணெயும் படிகாரமும் மஞ்சிட்டி இனத்து வேரும் அதற்கு இன்றியமையாதவை. பிரான்சின் ரூவான் நகரிலிருந்து பாப்பியோன் என்னும் சாயவல்லுநரை 1785ஆம் ஆண்டில் ஜார்ஜ் மாக்கின்டாஷ் கிளாஸ்கோ நகருக்கு அழைத்து வந்தார். அங்கிருந்து அத்தொழில் அருகிலிருந்த லெவன் பள்ளத்தாக்கிற்குப் பரவியது. லோமண்டு ஏரியிலிருந்து புறப்பட்டு டம்பார்ட்டன் நகரருகே கிளைடு ஆற்றோடு கலக்கும் லெவன் ஆறு சிறியதே. அதன் தண்ணீரோ தெளிவும் மென்மையும் வாய்ந்தது. வெளுப்பதற்கும் சாயமேற்றுவதற்கும் மிக ஏற்றது. அவ்வாற்றங்கரையில் அலெக்சாண்டிரியா, போன்ஹில், ரென்டன் முதலிய ஊர்கள் சாய ஆலைகளைச் சுற்றி எழுந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பள்ளத்தாக்கின் செஞ்சாயத் துணிகள் பெருமளவில் விற்பனையான சந்தை இந்தியாவே. மயிலும் யானையும் மாங்காய் வடிவும் அச்சிட்ட சிவப்புத் துணிகளைத் தம் வாழ்நாளில் மயிலையே கண்டிராத தொழிலாளர் உருவாக்கினர். அம்மாதிரி ஏடுகளை ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் இன்றும் காத்து வருகிறது. 1868ஆம் ஆண்டில் செர்மானிய வேதியியலார் கிரேபும் லீபர்மனும் வேரின் சாயப்பொருளைச் செயற்கையாக உண்டாக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் ஐரோப்பாவில் மஞ்சிட்டி வயல்களும் சோழமண்டலக் கரையில் சாயவேர்த் தோண்டலும் ஒருங்கே நலிந்தன. ஆக, கடலூர்க் கரையில் நலிந்த ஒரு தொழிலின் மறுபாதி ரென்டன் ஊரில் தழைத்தது எனலாம். ரென்டன் கால்பந்துக் கழகம் பிறந்தது அத்தழைப்பின் உச்சக் காலத்தில்தான்.

கழகத்தின் தோற்றம்

ரென்டன் என்னும் ஊர் 1782ஆம் ஆண்டில் ஸ்மாலெட் குடும்பத்தாரால் அமைக்கப்பட்டது. ஆங்கிலப் புதின இலக்கிய முன்னோடிகளுள் ஒருவரான தோபியாஸ் ஸ்மாலெட் பிறந்த தல்குர்ன் இல்லம் இங்கேதான் இருந்தது. அவர் நினைவாக ஊரில் ஒரு தூண் நிற்கிறது. எழுத்தாளனுக்குத் தூண் எழுப்பிய ஊர், பின்னர்ப் பந்தாட்டத்தால் பெயர் பெற்றது என்பது சுவையான செய்தி.

அப்பள்ளத்தாக்கில் முன்பு வழங்கிய விளையாட்டு, வளைகோல் கொண்டு ஆடும் ஷின்டி என்பது. 1872ஆம் ஆண்டில் கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க் கழகத்தார் வந்து கால்பந்தாட்டத்தை ஆடிக் காட்டினர். அவ்வாண்டிலேயே ரென்டன், லெவன் பள்ளத்தாக்கு, டம்பார்ட்டன் ஆகிய மூன்று கழகங்களும் தோன்றின. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை வழக்கிற்கு வந்திருந்ததும் இதற்குத் துணையாயிற்று. வாரம் முழுதும் சாயத்தொட்டியில் கை சிவந்த இளைஞர்க்குச் சனிக்கிழமை மாலை ஒரு திறந்த வெளியும் ஒரு பந்தும் கிடைத்தன. வேறு செலவு வேண்டாத விளையாட்டு அது.

ஸ்காட்டிஷ் கோப்பைக்கான முதற்போட்டிகள் 1873ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் நடந்தன. அன்று கில்மார்னக் அணியை வென்ற அணி ரென்டன். 1875ஆம் ஆண்டில் இறுதியாட்டம்வரை சென்று குவீன்ஸ் பார்க்கிடம் தோற்றது. அடுத்த ஆற்றங்கரை ஊரின் லெவன் பள்ளத்தாக்குக் கழகமோ 1877, 1878, 1879 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து கோப்பையைக் கைப்பற்றியது. சில கல் தொலைவுக்குள் அமைந்த சிற்றூர்கள் ஒரு நாட்டின் ஆட்டத்தையே ஆண்டன என்பது வியப்பூட்டுவதாகும்.

இவ்வெற்றிக்கு ஆட்ட முறையும் ஒரு காரணம். அக்காலத்தில் இங்கிலாந்து நாட்டார் பலர் பந்தைத் தனியொருவராய் உருட்டிக்கொண்டு ஓடுவதையே திறமை எனக் கருதினர். ஸ்காட்லாந்து நாட்டாரோ ஒருவர்க்கொருவர் பந்தைக் கடத்தி, வெற்றிடம் நோக்கி நகர்ந்து, அணியாக முன்னேறும் முறையை வளர்த்தனர். ஒரே ஆலையில் உழைத்து, ஒரே தெருவில் வாழ்ந்து, ஒருவர் நடையை மற்றவர் அறிந்த இளைஞர்க்கு அம்முறை இயல்பாகவே கைவந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

உலக வாகையர்

1885ஆம் ஆண்டில் ரென்டன் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. எதிர்த்து நின்றது அண்டை ஊரான லெவன் பள்ளத்தாக்குக் கழகம். முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. மறு ஆட்டத்தில் ரென்டன் மூன்றுக்கு ஒன்று என வென்றது. 1888ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கேம்பஸ்லாங் அணியை ஆறுக்கு ஒன்று எனும் பெரும் வேறுபாட்டில் வீழ்த்தியது.

அவ்வாண்டு இங்கிலாந்துக் கோப்பையை வென்றிருந்த அணி வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். இரு நாட்டு வாகையரும் மோதிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. 1888 மே 19ஆம் நாள் கிளாஸ்கோவில் மழையும் இடியும் சூழ்ந்த மாலையில் நடந்த ஆட்டத்தில் ரென்டன் நான்குக்கு ஒன்று என வென்றது. அன்றைய நிலையில் இவ்விரு நாடுகளுக்கு வெளியே இவ்விளையாட்டு வலுவாக வேரூன்றவில்லை. ஆகவே ரென்டன் கழகத்தார் தம் தான்டைன் பூங்கா ஆடுகளத்தில், உலக வாகையர் என எழுதிய பலகையைத் தொங்கவிட்டனர். இதில் தற்பெருமை உண்டு. முழுப் பொய் இல்லை. பின்னாளில் உலகக் கோப்பைகள் பல வந்தன. ஆயினும் சில ஆயிரம் மக்களே வாழ்ந்த ஒரு சாயத்தொழிலூர் அப்பட்டத்தைச் சூட்டிக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

அவ்வணியினரின் வலிமைக்குக் கோழிச் சாறு காரணம் என்று ஒரு கதை பரவியது. உண்மையில் அது இனிய திராட்சை மதுவில் பச்சை முட்டை கலந்த பானமே என்பாரும் உளர். வெற்றி பெற்றோரின் உணவைப் பற்றி ஊர் பேசுவது எந்நாட்டுக்கும் பொது.

வீழ்ச்சி

அப்பலகை தொங்கத் தொடங்கிய அதே மாதத்தில்தான் வீழ்ச்சியும் தொடங்கியது என்பது இவ்வரலாற்றின் துயரம். 1888 மே 28ஆம் நாள் கிளாஸ்கோவில் புதிதாய் எழுந்த செல்டிக் கழகம் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. அக்கழகத்தின் முதல் கோலை அடித்தவர் நீல் மக்கல்லம். நடு ஆட்டக்காரராய் நின்றவர் ஜேம்ஸ் கெல்லி. இருவரும் ரென்டன் அணியினர்! பின் தடுப்பாளரான ஆண்டுரூ ஹன்னா இங்கிலாந்து சென்று எவர்ட்டன் அணிக்குத் தலைமை ஏற்று, 1891ஆம் ஆண்டில் லீக் பட்டம் வென்று தந்தார். பின்னர் லிவர்பூல் அணிக்கும் தலைவரானார்.

இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டிலேயே ஊதிய ஆட்டம் சட்டமாகியிருந்தது. ஸ்காட்லாந்தில் அது 1893வரை தடை செய்யப்பட்டிருந்தது. எனினும் தடைக்குள்ளேயே மறைமுக வழிகள் இருந்தன. பெருநகரக் கழகங்களுக்குப் பார்வையாளர் கூட்டமும் அதனால் வருவாயும் உண்டு. சிற்றூரின் மக்கள்தொகை முழுதும் திரண்டு வந்தாலும் அவ்வருவாய்க்கு ஈடாகாது. ஆட்டக்காரரைக் குறை கூற வழியில்லை. ஆலைக் கூலியைவிட நல்ல ஊதியம் தரும் கால்களை எந்த ஏழைக் குடும்பம் கட்டிப்போடும்?

தங்கள் நிலையை உணர்ந்த ரென்டன் கழகத்தார் வாளாவிருக்கவில்லை. ஒழுங்கான ஆட்ட அட்டவணை இருந்தால் நிலையான வருவாய் வரும் என்று கருதி, 1890ஆம் ஆண்டில் பிற கழகங்களுக்கு மடல் எழுதியவர் ரென்டன் செயலாளர் பீட்டர் ஃபேர்லி. அம்மடலின் விளைவாகப் பிறந்ததே ஸ்காட்டிஷ் லீக். அதன் முதற் பதினொரு கழகங்களுள் மூன்று இவ்வாற்றுப் பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் தாம் நட்ட மரத்தின் நிழலில் ரென்டன் கழகத்தாருக்கு இடம் நிலைக்கவில்லை. ஆட்டக்காரர்க்கு ஊதியம் தந்ததாகத் தண்டிக்கப்பட்டிருந்த செயின்ட் பெர்னார்ட்ஸ் கழகம், எடின்பரோ செயின்ட்ஸ் எனும் மாற்றுப் பெயரில் ஒரு நட்பு ஆட்டத்திற்கு வந்தது. அவ்வணியோடு ஆடிய குற்றத்திற்காக ஐந்தே ஆட்டங்களுக்குப் பின் ரென்டன் விலக்கப்பட்டது. அதன் முடிவுகளும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. கழகம் வழக்குமன்றம் சென்றது, வென்றது, அடுத்த ஆண்டே லீக்கில் மீண்டும் சேர்ந்தது. இழந்த ஆண்டும் இழந்த ஆட்டக்காரரும் மட்டும் மீளவில்லை.

1894ஆம் ஆண்டில் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1895ஆம் ஆண்டில் கடைசி முறையாகக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டியது. அங்கே இரண்டுக்கு ஒன்று என ரென்டனை வென்ற அணி எதுவெனில், யாருடன் ஆடியதற்காக அது விலக்கப்பட்டதோ அதே செயின்ட் பெர்னார்ட்ஸ். வரலாறு சிலவேளை நாடக ஆசிரியரையும் விஞ்சிவிடுகிறது. 1897ஆம் ஆண்டில் பருவத்தின் நடுவிலேயே, நான்கு ஆட்டங்களுக்குப் பின், பொருள் முடையால் கழகம் லீக்கை விட்டு விலகிற்று. அதன்பின் சிறு போட்டிகளில் ஆடிக் காலந்தள்ளி 1922ஆம் ஆண்டில் கலைந்தது.

தொழிலும் உடன் நலிந்தது. 1898ஆம் ஆண்டில் பள்ளத்தாக்கின் பெரிய சாய நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஒரே நிறுவனமாயின. இந்திய ஆலைத்துணியின் போட்டியும், சுதேசி உணர்வும், செயற்கைச் சாயங்களின் பெருக்கமும் அதன் சந்தையைச் சுருக்கின. சோழமண்டலச் சாயவேரை வீழ்த்திய அலை, காலம் தாழ்த்தி லெவன் ஆற்றங்கரையையும் வந்தடைந்தது.

கடல் கடந்த பந்து

ரென்டன் உலக வாகையர் ஆன அதே 1888ஆம் ஆண்டில், சிம்லாவில் டியூரண்ட் கோப்பைப் போட்டி தொடங்கியது. அதன் முதல் வெற்றியாளர் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்னும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவினர். இறுதியாட்டத்தில் தோற்றவரும் ஸ்காட்லாந்துப் படையினரே. துணி வந்த வழியில் பந்தும் வந்தது எனலாம். ஆனால் துணியை வாங்குவோராக மட்டும் இருந்த இந்தியர், பந்தைத் தமதாக்கிக்கொண்டனர். 1911 சூலை 29ஆம் நாள் கொல்கத்தாவில் மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என வென்றபோது அது நாடு தழுவிய செய்தியாயிற்று. தமிழகமும் இதில் பின்தங்கவில்லை. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கெதிராக இந்தியா அடித்த கோல், தமிழரான சைமன் சுந்தரராஜுடையது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோலாக அதுவே இன்றளவும் நிற்கிறது.

கடலூர் மகளிர்

ரென்டன் வரலாற்றில் ஒரு பெரும் வெற்றிடம் உண்டு. அவ்வூரின் சாய ஆலைகளில் உழைத்தோரில் பெரும்பகுதியினர் பெண்கள். 1911ஆம் ஆண்டில் கூலிக்காக அப்பள்ளத்தாக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்றவரும் அவர்களே. ஆனால் கழகத்தின் எந்தப் பட்டியலிலும் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் ஆடுகளங்களில் மகளிர் ஆடுவதையே தடை செய்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

தமிழ் மரபிலோ பந்து மகளிர்க்கு உரியது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தாடிப் பாடும் பகுதி கந்துகவரி என்றே பெயர் பெறும். திருமுருகாற்றுப்படையில் மதுரையின் போர் வாயிலில் பந்தும் பாவையும் தொங்கவிடப்பட்ட செய்தி வருகிறது. வந்து பொரும் வலியற்ற பகைவர் பெண்டிர்போல் இவற்றைக் கொண்டு விளையாடுக என இகழும் குறிப்பு அது என்பர் உரையாளர். பெண்ணின் பந்து போர்க்களத்தில் இகழ்ச்சிச் சின்னமாயிற்று. அவ்விகழ்ச்சியைத் துடைத்தெறிந்தவருள் கடலூர் மாவட்டத்துப் பெண்களும் உளர் என்பதை இம்மண்ணின் கவிஞர் அறிதல் வேண்டும்.

கடலூரில் வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமியின் மகளிர் அணி, 2018ஆம் ஆண்டு ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் ஒன்று. அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், பல்லாண்டுகள் அப்பட்டத்தை ஆண்ட மணிப்பூர் அணியை இரண்டுக்கு ஒன்று என வென்று, தமிழகம் முதன்முறையாக வாகை சூடியது. 2023ஆம் ஆண்டில் அமிர்தசரஸில் அரியானாவை வென்று மீண்டும் அப்பட்டம் பெற்றது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் ஆகிய மூவரும் கடலூர் மாவட்டம் தந்தவர்கள். 1690இல் கம்பெனியார் கோட்டை பெற்ற தேவனாம்பட்டினமும், 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்த கரைகளும் இம்மாவட்டத்தினவே என்பதை நினைந்தால், இப்பெயர்களின் எடை விளங்கும்.

இங்கே ரென்டனின் நிழலும் விழுகிறது. கடலூர் அணிக்கு ஆடிய இந்துமதி, அடுத்த ஆண்டு மதுரையின் சேது கால்பந்துக் கழகத்திற்கு ஆடினார். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர்க் காவல்துறை அணியை மூன்றுக்கு ஒன்று என வென்று சேது கழகம் இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியும் அவருக்கு ஆட்டத்தால் அமைந்தது. ஜேம்ஸ் கெல்லி செல்டிக் சென்றதைப் போன்றதே இது. திறமை எங்கே வாழ்வு காண்கிறதோ அங்கே செல்லும், செல்லவும் வேண்டும். ஏழை வீட்டுப் பெண்ணொருத்திக்குப் பந்து ஓர் அரசுப் பணியைத் தருமெனில், ஊர் அதனை இழப்பாக எண்ணுதல் தகாது.

அவ்வாறாயின் சிற்றூர்க் கழகத்திற்கு எஞ்சுவது யாது? ரென்டன் இதற்கு இருவகை விடை தருகிறது. தான்டைன் பூங்கா இன்று ஆடுகளமாக இல்லை. அங்கே வீடுகள் எழுந்துவிட்டன. களத்தைக் காக்காத ஊர் அடுத்த தலைமுறை ஆட்டக்காரரைப் பெறவில்லை. இது முதல் விடை. ஆனால் கழகத்தின் பெயர் அழியவில்லை. யார் ஆடினர், எந்நாளில் ஆடினர், எத்தனைக்கு எத்தனை என்பதை அன்றே எழுதி வைத்தனர். அதனால்தான் மறைந்து நூறாண்டு கடந்த ஒரு கழகத்தின் மழை நாளை, கடல் கடந்த மொழியில் இன்று எழுத இயலுகிறது. இது இரண்டாம் விடை.

நெய்வேலிச் சுரங்கங்களை ஒட்டிய கம்மாபுரம் வட்டாரத்திலும் மாலை நேரங்களில் திறந்த வெளிகளில் பந்து உருள்கிறது. அவ்வெளிகளுள் எவை எஞ்சும், எவை மறையும் என்பதை ஊரார் முடிவு செய்தல் வேண்டும். அங்கு ஆடும் பெண்பிள்ளைகளின் பெயர்களை யார் எழுதி வைப்பர் என்பதோ எழுதுகோல் பிடித்தோரின் பொறுப்பு. சாயவேர் தோண்டிய கைகளுக்கு உரியோரின் பெயர் ஒன்றுகூட எஞ்சவில்லை; அவர்கள் ஏற்றிய சிவப்பு மட்டும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் மங்காமல் இருக்கிறது. அப்பிழை மீண்டும் நேராதிருக்க ஒரு குறிப்பேடு போதும். ஆண்டும், ஆட்டமும், ஆடியவர் பெயரும் எழுதிய ஒரு குறிப்பேடு.